பழைய ஒர்க்ஸ்டேஷனில் ஹைக்கூ: நான்காவது ஐகானில் நின்றுபோனால் என்ன செய்வது?

கேள்வி இதுதான். அலுவலகத்தில் கழித்துப் போட்ட ஒரு ஒர்க்ஸ்டேஷன் உங்கள் கைக்கு வந்திருக்கிறது. 2009 வாக்கில் வந்த கோர் 2 குவாட், 8 ஜிபி ராம், என்விடியாவின் குவாட்ரோ கார்டு. அதில் ஹைக்கூ இயங்குதளத்தைப் போட்டுப் பார்க்க ஆசை; இதெல்லாம் எதற்காக என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பென்டிரைவில் இருந்து பூட் செய்தால் திரையில் ஐகான்கள் ஒவ்வொன்றாக ஒளிர்ந்து நான்காவதில் நின்றுவிடுகிறது. ஒரே ஒரு முறை எப்படியோ உள்ளே போய் நிறுவி முடித்தீர்கள்; ஆனால் மறுபடி ஆன் செய்தால் பூட் ஆகும் டிஸ்க் எதுவும் இல்லை என்று வருகிறது. கணினிக்கு வயதாகிவிட்டதா, இல்லை ஹைக்கூதான் இன்னும் பக்குவப்படவில்லையா?

இரண்டும் இல்லை. அந்தக் கணினி ஹைக்கூவுக்கு நன்றாகவே பொருந்தும். நீங்கள் பார்த்தவை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு சிக்கல்கள். இரண்டுக்கும் காரணம் கண்டுபிடிக்கக்கூடியதுதான். அதற்கு வேண்டியது ஒரே ஒரு பழக்கம்: எதையும் மாற்றுவதற்கு முன்னால், பூட் எந்த இடத்தில் நின்றது என்று பார்த்துக்கொள்வது. அந்த இடம் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. தெரியாமல் பயாஸில் (கணினி ஆன் ஆனதும் முதலில் ஓடும் மதர்போர்டு மென்பொருளில்) நான்கு அமைப்புகளைச் சேர்த்து மாற்றினால், தற்செயலாகச் சரியானாலும் எது சரி செய்தது என்று தெரியாது.

ஹைக்கூவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதன் பிறப்புக்கும் உங்கள் கணினிக்கும் தொடர்பு இருக்கிறது. ஆப்பிளில் இருந்து வெளியேறிய ழான் லூயி காசே 1990இல் பீ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 1995இல் அவர்கள் காட்டிய பீபாக்ஸ் கணினியில் இரண்டு பவர்பிசி பிராசசர்கள் இருந்தன. எந்த பிராசசர் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்ட முன்பக்கத்தில் இரண்டு வரிசை விளக்குகள் எரியும். வீட்டுக் கணினியில் ஒரு பிராசசருக்கு மேல் யாரும் எதிர்பார்க்காத காலம் அது. பீஓஎஸ் முழுக்க முழுக்க அந்த எண்ணத்தில் எழுதப்பட்டது: ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனியாக ஒரு திரெட் (தனித்து ஓடும் வேலை இழை), வேலையைப் பங்கு போட்டுக்கொண்டே இருக்கும் அமைப்பு. 1996இல் ஆப்பிள் பீயை வாங்கப் பேச்சு நடத்திவிட்டுக் கடைசியில் நெக்ஸ்ட்டை வாங்கியது. 2001இல் பீயின் சொத்துகள் 1.1 கோடி டாலருக்கு பாம் நிறுவனத்திடம் போயின. அதே ஆண்டு ஆகஸ்டில், பீஓஎஸ்ஸை முதலில் இருந்து திறந்த மூலமாக எழுதுவோம் என்று சிலர் கிளம்பினார்கள். அதுதான் இன்றைய ஹைக்கூ. பீஓஎஸ்ஸின் இணைய உலாவி பிழைச் செய்திகளை ஹைக்கூ கவிதைகளாகக் காட்டும். 2004இல் புதுப் பெயர் வைக்க வேண்டி வந்தபோது அந்த நினைவில்தான் இந்தப் பெயர் வந்தது.

முதல் ஆல்ஃபா 2009 செப்டம்பரில், முதல் பீட்டா 2018 செப்டம்பரில், ஐந்தாவது பீட்டா 2024 செப்டம்பரில். இன்னும் முதல் முழுப் பதிப்பு வரவில்லை. அந்த அர்த்தத்தில் இது சோதனை இயங்குதளம்தான். ஆனால் குறைந்தபட்சத் தேவை பென்டியம் 2, 384 எம்பி ராம், 3 ஜிபி டிஸ்க் என்ற அளவில்தான் இருக்கிறது. நான்கு கோர்களும் 8 ஜிபியும் கொண்ட உங்கள் கணினியில் இது பறக்கும். பல கோர்களை நம்பி 1990களில் எழுதிய வடிவமைப்பு, பல கோர்கள் சாதாரணமாகிப்போன காலத்துக் கணினியில் ஓடுவதைப் பார்ப்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் காட்சி.

சரி, வேலைக்கு வருவோம்.

எந்தப் பதிப்பு? பழைய பீஓஎஸ் மென்பொருள்களை அப்படியே ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றால் 32 பிட். அந்த ஆசை இல்லையென்றால் 64 பிட் எடுங்கள், உங்கள் பிராசசர் அதைத் தாங்கும். இறக்கிய கோப்பின் செக்சம் (கோப்பு பழுதில்லாமல் இறங்கியதா என்று காட்டும் எண்) சரிபார்த்துவிடுங்கள். அப்புறம், அது எனிபூட் என்ற வகைக் கோப்பு: ஒரே கோப்பை டிவிடியிலும் எழுதலாம், பென்டிரைவிலும் எழுதலாம். பென்டிரைவில் எழுதும்போது கோப்பை உள்ளே காப்பி செய்யக் கூடாது. முழு டிரைவின் மேலும் அப்படியே எழுத வேண்டும். லினக்ஸில் டிடி கட்டளை என்றால் பார்ட்டிஷன் எண் இல்லாத டிரைவ் பெயரைக் கொடுங்கள். விண்டோஸில் ரூஃபஸ் பயன்படுத்தினால் அது கேட்கும்போது டிடி முறையைத் தேர்ந்தெடுங்கள். பாதிப் பேருக்கு இங்கேயே தவறிவிடும். ஆனால் உங்களுக்கு ஐகான்கள் தெரிந்தன என்றால் இந்தப் படியை நீங்கள் சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள்.

இப்போது அந்த ஐகான்கள். மொத்தம் ஏழு. அணு, பூதக்கண்ணாடியுடன் ஒரு டிஸ்க், செருகும் கார்டு, பூட் டிஸ்க், சிப், கோப்புறை, ராக்கெட். வெறும் அலங்காரம் இல்லை. பூட்டின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒன்று. முதலாவதில் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னல் தன் மாட்யூல்களைத் தயார் செய்கிறது. இரண்டாவதில் கோப்பு மரத்தின் வேரும் சாதனங்களுக்கான கிளையும் உருவாகின்றன. மூன்றாவதில் டிவைஸ் மேனேஜர் எழுந்து என்னென்ன வன்பொருள் இருக்கிறது என்று பார்க்கிறது. நான்காவதில் பூட் டிஸ்க் மவுண்ட் ஆக வேண்டும், அதாவது கோப்பு மரத்தோடு இணைய வேண்டும். ஐந்தாவது பிராசசருக்கான மாட்யூல்கள். ஆறாவது மற்ற உள் அமைப்புகளின் கடைசித் தயாரிப்பு. ஏழாவது, அந்த ராக்கெட், எரிந்தால் கர்னல் தன் வேலையை முடித்துவிட்டது, டெஸ்க்டாப்பைக் கிளப்பும் ஸ்கிரிப்ட் ஓடுகிறது என்று பொருள்.

நான்காவதில் ஏன் நிற்கிறது? இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தெளிவாகிவிடும். கணினியை ஆன் செய்ததும் பென்டிரைவைப் படிப்பது ஹைக்கூ இல்லை, பயாஸ். ஹைக்கூவின் பூட் லோடர் பயாஸைக் கேட்டு, அதன் கையால் கர்னலையும் சில அடிப்படை டிரைவர்களையும் ராமுக்குள் ஏற்றிக்கொள்கிறது. அதற்குப் பிறகு கர்னல் ஓடத் தொடங்கியதும் பயாஸின் உதவி கிடையாது. முதல் மூன்று ஐகான்களும் ராமில் ஏற்கெனவே இருப்பதை வைத்துக்கொண்டே ஒளிர்ந்துவிடும். நான்காவதில்தான், இதுவரை பயாஸ் எடுத்துக்கொடுத்த அதே பென்டிரைவை ஹைக்கூ தன் சொந்த யூஎஸ்பி டிரைவரால் தேடிப் பிடிக்க வேண்டும். பிடிக்க முடியவில்லை என்றால் அங்கேயே நின்றுவிடும், அல்லது பூட் பார்ட்டிஷன் எதையும் காணவில்லை என்ற செய்தியுடன் கர்னல் டிபக்கருக்குள் விழும். ஆகவே நான்காவது ஐகான் சொல்வது இவ்வளவுதான்: கர்னல் நலம், ராம் பெரும்பாலும் நலம், ஆனால் பூட் ஆன ஊடகத்துக்கும் கர்னலுக்கும் நடுவே வழி அடைபட்டிருக்கிறது.

எனவே முதலில் செய்ய வேண்டியது வேறு யூஎஸ்பி துளை. ஒர்க்ஸ்டேஷன் பெட்டிகளில் முன்பக்கத் துளைகள் உள்ளே ஒரு நீண்ட கேபிள் வழியாகவோ ஹப் வழியாகவோ போவது வழக்கம். பின்பக்கம், மதர்போர்டிலேயே நேரடியாக இருக்கும் துளையில் செருகுங்கள். யாராவது பிற்பாடு யூஎஸ்பி 3 கார்டு செருகியிருந்தால் அதில் பூட் முயற்சி வேண்டாம். பயாஸில் யூஎஸ்பி லெகசி, இஹெச்சிஐ ஹேண்ட்ஆஃப் என்ற பெயர்களில் அமைப்புகள் இருந்தால் குறித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். பெயரைக் கேட்டாலே தெரியும், பயாஸ் தன் பிடியில் இருக்கும் யூஎஸ்பி கன்ட்ரோலரை இயங்குதளத்திடம் ஒப்படைக்கும் இடம் அது. பழைய பயாஸ்கள் தடுமாறும் இடமும் அதுதான். இவை எதுவும் பலிக்கவில்லை என்றால் டிவிடியில் எழுதுங்கள். கணினியிலேயே டிவிடி டிரைவ் இருக்கும். யூஎஸ்பி பிரச்சினையையே சுற்றிக்கொண்டு போய்விடலாம். சிடியில் அடங்காது, டிவிடிதான் வேண்டும்.

அடுத்தது சாட்டா, அதாவது டிஸ்க்குகளையும் டிவிடி டிரைவையும் மதர்போர்டோடு இணைக்கும் வழி. பயாஸில் சாட்டா கன்ட்ரோலர் எந்த முறையில் இருக்கிறது என்று பாருங்கள். ஐடிஇ, ரெய்டு, ஏஹெச்சிஐ என்று மூன்று இருக்கலாம். ஏஹெச்சிஐ வையுங்கள். ஒர்க்ஸ்டேஷன்களில் அலுவலகத் தேவைக்காக ரெய்டு முறையில் வைத்தே அனுப்பியிருப்பார்கள். அந்த முறையில் கன்ட்ரோலர் தன்னை வேறு வகைச் சாதனமாக அறிமுகம் செய்துகொள்கிறது. சாதாரண ஏஹெச்சிஐ டிரைவர் அதைத் தன்னுடையதாக எடுத்துக்கொள்ளாது. விளைவு, மறுபடியும் நான்காவது ஐகான்.

இதில் என் சொந்த அனுபவம் ஒன்று. என்னிடமும் ஏறக்குறைய இதே வயதில் ஒரு ஒர்க்ஸ்டேஷன் இருக்கிறது. ஏஹெச்சிஐ மாற்றி, ஹைக்கூ நிறுவி, மாலை முழுவதும் நன்றாக ஓடியது. மறுநாள் காலை ஆன் செய்தால் நான்காவது ஐகானில் நிற்கிறது. பயாஸுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் ஓடுகிறது. இரண்டு நாள் இப்படிப் போனது. டிஸ்க் சூடானால்தான் வேலை செய்கிறதோ என்றெல்லாம் யோசித்தேன். கடைசியில் விடை டெஸ்க்டாப்பின் மூலையில் இருந்தது. கடிகாரம் 2008 ஜனவரி 1 என்று காட்டிக்கொண்டிருந்தது. தினமும் காலையில் பயாஸ் ஒரு வரி எச்சரிக்கை காட்டும், நான் எஃப்1 அழுத்திக் கடந்துபோய்க் கொண்டிருந்தேன். மதர்போர்டில் இருக்கும் நாணய வடிவ பேட்டரி தீர்ந்திருந்தது. இரவு சுவர் ஸ்விட்சை அணைத்ததும் பயாஸ் எல்லாவற்றையும் மறந்து, காலையில் ஆலையில் இருந்து வந்தபடி ரெய்டு முறைக்குத் திரும்பியிருக்கிறது. நான் பயாஸுக்குள் போனபோதெல்லாம், கவனிக்காமலேயே ஏஹெச்சிஐ என்று திரும்ப வைத்துச் சேமித்துக்கொண்டிருந்தேன். ஒரு சிஆர்2032 பேட்டரி மாற்றியதோடு சரியானது. உங்கள் கணினிக்கும் பதினைந்து வயதுக்கு மேல் இருக்கும். முதல் வேலையாக அந்த பேட்டரியை மாற்றிவிடுங்கள். உங்களுக்கு ஒரே ஒரு முறை மட்டும் உள்ளே போக முடிந்தது என்று எழுதியிருப்பதைப் பார்த்தால் எனக்கு இந்தச் சந்தேகம் பலமாகவே இருக்கிறது. பெட்டியைத் திறக்கும்போதே தூசியைத் தட்டி, ராமை ஒரு முறை எடுத்துச் செருகி, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் நிரலை ஒரு இரவு ஓட விட்டுவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் நின்றால் ஹைக்கூவின் பூட் மெனுவுக்குப் போக வேண்டும். பயாஸ் திரை மறையும் நேரத்தில் இருந்து ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருங்கள். பயாஸுக்குப் பதிலாகப் பின்னால் வந்த யூஇஎஃப்ஐ வகைக் கணினியாக இருந்தால் ஷிஃப்டுக்குப் பதில் ஸ்பேஸ் பாரை விட்டுவிட்டுத் தட்ட வேண்டும். உங்களுடையது பயாஸ் காலத்துக் கணினி, ஷிஃப்ட்தான். எழுத்து வடிவில் ஒரு மெனு வரும். அதில் பாதுகாப்பு முறை அமைப்புகள் ஒரு பக்கம், டிபக் அமைப்புகள் இன்னொரு பக்கம்.

நான் எப்போதும் டிபக் பக்கத்தில்தான் தொடங்குவேன். அங்கே திரையில் டிபக் செய்திகளைக் காட்டு என்ற ஒன்று இருக்கிறது. அதை டிக் செய்து பூட்டைத் தொடர்ந்தால் ஐகான்கள் வராது, அதற்குப் பதில் கர்னல் செய்வதையெல்லாம் வரிவரியாக எழுதும். ஒரு திரை நிரம்பியதும் நிற்கும், ஒரு விசையைத் தட்டினால் அடுத்த பக்கம். கடைசிப் பக்கத்தை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நின்றுபோன இடத்துக்கு முந்திய ஐந்தாறு வரிகளில் யூஎஸ்பி, இஹெச்சிஐ என்று ஓடியிருந்தால் வழி ஒன்று. ஏஹெச்சிஐ, போர்ட், டைம்அவுட் என்று ஓடியிருந்தால் வழி வேறு. குத்துமதிப்பாக மாற்றிக்கொண்டே போவதைவிட இந்த ஒரு படம் உங்களுக்கு அதிகம் சொல்லும்.

பிறகு பாதுகாப்பு முறைப் பக்கம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் டிக் செய்யுங்கள். நான் முயலும் வரிசையைச் சொல்கிறேன். முதலில் ஐஓ-ஏபிக் நிறுத்தம். சாதனங்களிடம் இருந்து வரும் இன்டரப்ட்டுகளை எந்தப் பாதையில் அனுப்புவது என்று பயாஸ் ஒரு அட்டவணை கொடுக்கும். பழைய மதர்போர்டுகளில் அந்த அட்டவணையில் பிழை இருப்பது உண்டு. பிழை இருந்தால் டிஸ்க் வேலையை முடித்துவிட்டுக் கூப்பிடும், கர்னலுக்குக் கேட்காது. ஐஓ-ஏபிக்கை நிறுத்தினால் பழைய, எளிய பாதையில் இன்டரப்ட்டுகள் வரும். அடுத்து, 4 ஜிபிக்கு மேலான ராமைப் புறக்கணி என்ற அமைப்பு. உங்களிடம் 8 ஜிபி இருப்பதால் இது முக்கியம். சில பழைய கன்ட்ரோலர்கள் 4 ஜிபிக்கு மேலுள்ள முகவரிகளுக்கு நேராகத் தரவு அனுப்பும்போது தடுமாறும். மூன்றாவதாக, ஒரே ஒரு கோரில் மட்டும் ஓட்டும் எஸ்எம்பி நிறுத்தம். மின்சாரத்தையும் சாதன அமைப்பையும் கவனிக்கும் ஏசிபிஐயை நிறுத்துவதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அதை நிறுத்தினால் பல விஷயங்கள் சேர்ந்தே போய்விடும்.

பலித்த அமைப்பு எது என்று தெரிந்ததும் ஒவ்வொரு முறையும் ஷிஃப்ட் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. நிறுவிய பின் ஹோம் கோப்புறைக்குள் கான்ஃபிக், செட்டிங்ஸ், கர்னல், டிரைவர்ஸ் என்று இறங்கினால் கர்னல் என்ற பெயரிலேயே ஒரு உரைக்கோப்புக்கு இடம் இருக்கிறது. இந்த அமைப்புகளில் பலவற்றை அங்கே ஒரு வரியாக எழுதி நிரந்தரமாக்கிவிடலாம்.

இடையில் திரை முழுக்க எழுத்தாகி, ஒரு கர்சர் மட்டும் மின்னிக்கொண்டு நின்றால் பயப்பட வேண்டாம். அது கேடிஎல், அதாவது கர்னலின் டிபக்கர். பிடி என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளைத் தட்டி என்டர் கொடுத்தால் எந்தச் செயல்பாட்டில் இருந்து எது கூப்பிட்டு இங்கே வந்து விழுந்தது என்ற பட்டியல் வரும். அதையும் படம் எடுங்கள். சிஓ என்று தட்டினால் தொடர முயலும், ரீபூட் என்று தட்டினால் மறுபடி தொடங்கும். இங்கே ஒரு யோசனை: இந்த நிலையில் யூஎஸ்பி கீபோர்டு வேலை செய்யாமல் போக வாய்ப்பு உண்டு, ஏனென்றால் யூஎஸ்பி அடுக்கே விழுந்திருக்கலாம். உங்கள் கணினியின் பின்னால் ஊதா நிற வட்டத் துளை இருக்கும். பழைய பிஎஸ்/2 கீபோர்டு ஒன்றை எங்கிருந்தாவது வாங்கி அதில் செருகி வையுங்கள். இந்தக் காலத்துக் கணினிகளில் கிடைக்காத வசதி அது.

இப்போது இரண்டாவது சிக்கல்: நிறுவிய பிறகும் பூட் டிஸ்க் இல்லை என்று வருவது.

ஹைக்கூவின் நிறுவல் வேகமானது, கேள்விகளும் குறைவு. அந்த எளிமையே இங்கே ஒரு பொறி. எந்த டிஸ்க்கில் இருந்து எந்தப் பார்ட்டிஷனுக்கு என்று கேட்கும், கோப்புகளைக் காப்பி செய்யும், அந்தப் பார்ட்டிஷனின் தொடக்கத்தில் பூட் செக்டாரையும் எழுதிவிடும். ஆனால் டிஸ்க்கின் முதல் செக்டாரை, எம்பிஆரை, அது தானாகத் தொடாது. அங்கே வேறு இயங்குதளத்தின் லோடர் இருக்கலாம், கேட்காமல் அழிப்பது முறையில்லை என்பதால்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது சரியான முடிவாகவே படுகிறது. ஆனால் டிஸ்க் வெறுமையாக இருந்தால் என்ன ஆகும்? பயாஸ் முதல் செக்டாரைப் படிக்கும், அங்கே ஓட்டுவதற்கு ஒன்றும் இருக்காது, பூட் டிஸ்க் இல்லை என்று சொல்லிவிடும். ஹைக்கூ முழுதாக, நலமாக, அதே டிஸ்க்கில் இருக்கும். அதற்குப் போகும் வாசல் மட்டும் இருக்காது. உங்களுக்கு நடந்தது அநேகமாக இதுதான்.

ஆகவே இந்த முறை இப்படிச் செய்யுங்கள். மற்ற டிஸ்க்குகளின் கேபிளைக் கழற்றிவிட்டு, ஹைக்கூவுக்கென்று ஒரே ஒரு டிஸ்க்கை மட்டும் மாட்டுங்கள். பழைய 80 ஜிபி போதும், சிறிய எஸ்எஸ்டி இருந்தால் இன்னும் நல்லது. தவறான டிஸ்க்கை அழித்துவிடுவோமோ என்ற பயமே இருக்காது. நிறுவியைத் திறந்து, அதில் இருந்து டிஸ்க்கைப் பிரிக்கும் கருவியான டிரைவ்செட்டப்புக்குப் போங்கள். டிஸ்க்கை இன்டெல் பார்ட்டிஷன் மேப் வகையில் தயார் செய்யுங்கள். புதிய வகையான ஜிபிடி வேண்டாம், பயாஸ் கணினியில் ஹைக்கூவின் பூட் மெனு எம்பிஆர் டிஸ்க்கில்தான் உட்காரும். ஒரு பார்ட்டிஷன் உருவாக்கி, அதை ஆக்டிவ் என்று குறித்து, பீஓஎஸ்ஸிலிருந்து வந்த பீ ஃபைல் சிஸ்டமாக ஃபார்மட் செய்யுங்கள். பார்ட்டிஷனின் தொடக்க இடத்தை அது தரும் இயல்பான அளவிலேயே விடுங்கள். டிஸ்க்கின் தொடக்கத்தோடு ஒட்டி வைத்தால் பூட் மெனுவுக்கு இடம் போதாது என்று பிறகு மறுத்துவிடும்.

டிரைவ்செட்டப்பை மூடி, நிறுவலைத் தொடங்குங்கள். முடிந்ததும் உடனே ரீஸ்டார்ட் கொடுத்துவிடாதீர்கள். நிறுவியின் மேலே டூல்ஸ் மெனுவில் பூட் மெனு அமைப்பது என்று ஒன்று இருக்கும். அதைத் திறந்தால் பூட்மேனேஜர் வரும். பழைய எம்பிஆரை ஒரு கோப்பாகச் சேமித்து வைக்கட்டுமா என்று கேட்கும், சேமியுங்கள். மெனுவில் எந்தெந்தப் பார்ட்டிஷன் வர வேண்டும் என்று கேட்கும், ஹைக்கூவை டிக் செய்யுங்கள். எழுதி முடித்ததும் ரீஸ்டார்ட். மெனுவே வேண்டாம், ஹைக்கூ மட்டும் போதும் என்றால் டெர்மினலில் ரைட்எம்பிஆர் கட்டளைக்கு அந்த டிஸ்க்கின் பெயரைக் கொடுத்தாலும் போதும். ஏற்கெனவே லினக்ஸ் இருக்கும் டிஸ்க்காக இருந்தால் இரண்டும் தேவையில்லை. லினக்ஸின் பூட் லோடரான கிரப்பில், அந்தப் பார்ட்டிஷனின் பூட் செக்டாருக்குக் கைமாற்றும் ஒரு செயின்லோடர் வரி சேர்த்தால் முடிந்தது.

நீங்கள் முன்பு நிறுவியதையே காப்பாற்றலாமா என்றால், பெரும்பாலும் முடியும். டிவிடியில் பூட் செய்து பூட்மேனேஜரை மட்டும் ஓட்டிப் பாருங்கள். மறுபடி நிறுவவே வேண்டியிருக்காது.

ராக்கெட் ஒளிர்ந்து நீல டெஸ்க்டாப் வந்த பிறகு சந்திக்கப்போவது திரையின் அளவு. குவாட்ரோவுக்கு ஹைக்கூவில் பொருத்தமான டிரைவர் இல்லையென்றால் அது எல்லா கார்டுகளுக்கும் பொதுவான வெசா முறைக்குப் போய்விடும். வெசாவில், கார்டின் சொந்தப் பயாஸ் அறிவிக்கும் அளவுகள் மட்டும்தான் கிடைக்கும். அகலமான மானிட்டரின் முழு அளவு அந்தப் பட்டியலில் இல்லாமல் போகலாம். திரை கருப்பாகவே நின்றால் பூட் மெனுவில் பாதுகாப்பான வீடியோ முறையைத் தேர்ந்தெடுங்கள். எப்படியும் முப்பரிமாணக் கணக்குகளை கார்டிடம் கொடுக்கும் வழி ஹைக்கூவில் இதில் கிடைக்காது, எல்லாம் பிராசசர்தான் வரையும். அதனால் அந்தக் கார்டைக் கழற்றிவிட்டுப் பழைய ரேடியான் ஒன்று கிடைத்தால் போடுங்கள். அளவும் சரியாக வரும், மின்சாரமும் சத்தமும் குறையும். கேபிள் நெட்வொர்க் கேட்காமலேயே வேலை செய்யும் வாய்ப்பு அதிகம். ஹைக்கூ ஃப்ரீபிஎஸ்டியின் நெட்வொர்க் டிரைவர்களைத் தன் கர்னலில் பொருத்திப் பயன்படுத்துகிறது. அந்தக் காலத்து இன்டெல், பிராட்காம் சிப்புகள் அதில் அடங்கும்.

அப்டேட் செய்யும் முன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் சோதனை இயங்குதளத்தில் அப்டேட்டுக்குப் பிறகு பூட் ஆகாமல் போவது நடக்கக்கூடியதே. ஹைக்கூவில் மென்பொருள் பொதிகள் பிரித்து நிறுவப்படுவதில்லை. பொதிக் கோப்பு அப்படியே இருக்கும். அதன் உள்ளடக்கம் படிக்க மட்டும் முடிகிற கோப்பு மரமாக மவுண்ட் ஆகும். ஒவ்வொரு மாற்றத்துக்கு முன்பும் பழைய நிலை தேதியோடு சேமிக்கப்படுகிறது. பூட் ஆகவில்லையா, ஷிஃப்ட் பிடித்து பூட் மெனுவுக்குப் போய், பூட் வால்யூம் தேர்வில் உங்கள் டிஸ்க்குக்குள் நுழைந்தால் அந்தத் தேதிகளின் பட்டியல் இருக்கும். நேற்றைய தேதியைத் தேர்ந்தெடுத்தால் நேற்றைய இயங்குதளம் எழுந்து நிற்கும். பெரிய இயங்குதளங்களிலேயே இவ்வளவு நேர்த்தியாக நான் இதைப் பார்த்ததில்லை.

இதெல்லாம் எதற்காக என்று நண்பர்கள் கேட்பதாக எழுதியிருந்தீர்கள். அவர்களுக்குக் காட்ட ஒன்று இருக்கிறது. பீ ஃபைல் சிஸ்டத்தில் ஒவ்வொரு கோப்போடும் பண்புகளைச் சேர்த்து வைக்கலாம். டிஸ்க்கே அவற்றுக்கு இன்டெக்ஸ் வைத்துக்கொள்ளும். மின்னஞ்சல் என்றால் ஒவ்வொரு கடிதமும் ஒரு கோப்பு. அனுப்பியவர், பொருள், தேதி எல்லாம் அதன் பண்புகள். தேடல் ஜன்னலில் இன்னாரிடம் இருந்து வந்தவை என்று கேட்டுவிட்டு அந்த ஜன்னலைத் திறந்தே வையுங்கள். புதுக் கடிதம் வந்த கணத்தில் அந்தப் பட்டியலில் தானாக ஒரு வரி கூடும். தேடல் என்பது ஒரு முறை ஓடி முடியும் வேலை இல்லை, டிஸ்க் உயிரோடு பதில் சொல்லிக்கொண்டே இருக்கும். இதை எழுதிய இருவரில் ஒருவரான டொமினிக் ஜாம்பாலோ பின்னர் ஆப்பிளுக்குப் போய் ஸ்பாட்லைட் தேடலில் வேலை செய்தார். ஒரே எச்சரிக்கை: இந்தப் பண்புகள் சாதாரண பென்டிரைவின் ஃபேட் ஃபார்மட்டில் நிற்காது. வெளியே எடுத்துப் போக வேண்டுமானால் ஹைக்கூவிலேயே ஜிப் செய்து எடுத்துப் போங்கள்.

என்ன செய்யக் கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஹைக்கூவில் இப்போது ஒரே பயனர்தான், அவருக்கு எல்லா அதிகாரமும் உண்டு. வங்கி வேலை, ஆதார் போன்ற ஆவணங்கள் எதையும் இந்தக் கணினியில் வைக்காதீர்கள். ஸ்லீப் கிடையாது, வேலை முடிந்தால் அணைத்துவிட வேண்டும். எழுத, படிக்க, நிரல் பழக, லிப்ரேஆஃபிஸில் ஒரு கடிதம் தட்ட தாராளமாகப் போதும்.

பேட்டரி, பின்பக்க யூஎஸ்பி, ஏஹெச்சிஐ, அப்புறம் டிவிடி என்ற வரிசையில் போங்கள். அதன் பிறகும் நின்றால் எந்த ஐகானில் நின்றது, டிபக் திரையின் கடைசிப் பக்கத்தில் என்ன எழுதியிருந்தது, பயாஸில் சாட்டா எந்த முறையில் இருந்தது என்ற மூன்றையும் படத்தோடு எழுதுங்கள். கூடவே, அந்த நேரத்தில் பயாஸ் கடிகாரம் எந்த ஆண்டைக் காட்டியது என்பதையும்.